யார் தந்த அங்கீகாரம்?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோர்களுக்கும் நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டி முகாமில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)

 

எந்தப் படிப்புக்கு என்ன மதிப்பெண் வேண்டும், எதற்கு என்ன வேலை கிடைக்கும் என்பதையெல்லாம் இதற்கு முன் பேசியவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேச வந்திருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் ‘அங்கீகாரம்’.

ஒவ்வொரு மே மாதமும் கல்லூரி நோட்டீஸ்கள் கட்டுக் கட்டாக நம் ஊருக்கு வருகின்றன. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கையில் ஒன்று திணிக்கப்படுகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் பத்து வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற வரி உண்டு. ‘அரசு அங்கீகாரம்’, ‘யு.ஜி.சி. அங்கீகாரம்’, ‘நாக் அங்கீகாரம்’, ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று விதவிதமாக இருக்கும். படிக்கிற தகப்பனுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்?

ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பட்டம் தரப்போவது யார், அவருக்குச் சட்டப்படி அந்த உரிமை உண்டா என்பது ஒன்று. இந்தப் படிப்பை இந்த இடத்தில் நடத்த உரியவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்பது இன்னொன்று. பாடம் நடத்துகிற தரத்தை வெளியாட்கள் வந்து சோதித்துப் பார்த்தார்களா என்பது மூன்றாவது. ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் ‘ஆம்’ என்று ஆகிவிடாது. நோட்டீஸ் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதல் கேள்விக்குச் சட்டமே நேராகப் பதில் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22-ஆம் பிரிவு. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ சட்டம் இயற்றி அமைத்த பல்கலைக்கழகம் பட்டம் தரலாம். அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தரலாம். ஐ.ஐ.டி.யைப் போல நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் வழங்கிய நிறுவனம் தரலாம். இவர்களைத் தவிர இந்த நாட்டில் வேறு யாரும் பட்டம் தர முடியாது.

அப்படியானால் நாம் சேருகிற கல்லூரி? பெரும்பாலான கல்லூரிகள் பட்டம் தருவதில்லை. பாடம் மட்டும் நடத்துகின்றன. பட்டம் தருவது அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். திருச்சிப் பக்கம் பாரதிதாசன், நெல்லைப் பக்கம் மனோன்மணீயம் சுந்தரனார், பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம், மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று போகும். ‘தன்னாட்சி’ என்று பலகை வைத்திருக்கும் கல்லூரியும் இதற்கு விலக்கல்ல. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுக்கலாம், தேர்வைத் தானே நடத்தலாம். பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆகவே கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது, “பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?” என்பதுதான். கேட்டதும் நேரான பதில் வராவிட்டால், வந்த வழியே திரும்பிவிடலாம்.

இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டுப் பதிவு எண்ணையும் கொடுப்பார்கள். எண் உண்மையானதுதான். ஆனால் அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதிந்த எண்ணாக இருக்கும். அல்லது பதிவு அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிந்த எண்ணாக இருக்கும். நமது அறக்கட்டளையும்தான் அப்படிப் பதிவு பெற்றிருக்கிறது. அதனால் நாளைக்கு நாம் பி.ஏ. பட்டம் கொடுக்கத் தொடங்கிவிடலாமா? ஐ.எஸ்.ஓ. சான்றும் இப்படித்தான். அலுவலக நடைமுறைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, பிஸ்கட் கம்பெனிக்கும் தரும் சான்று அது. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தனது இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. பட்டியல் வருகிறதே தவிர, கடைகள் எல்லாம் மூடிவிடுவதில்லை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. உரிமையில்லாமல் பட்டம் தந்தால் அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். 1956-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று ஒரு மாணவரின் விண்ணப்பப் படிவத்துக்கே அதைவிட அதிகமாக வாங்குகிறார்கள். சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காமல் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, படிப்புக்கான அனுமதி. கல்லூரி உண்மையானது, பல்கலைக்கழகமும் உண்மையானது. ஆனால் நாம் சேரும் அந்தப் படிப்புக்கு மட்டும் அனுமதி இல்லை என்ற நிலை வரக்கூடும். பொறியியல், பாலிடெக்னிக், எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் வேண்டும். 2024-25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ.வும் பி.பி.ஏ.வும் அதன் கீழ் வந்துவிட்டன. இது பல பெற்றோர்களுக்கு இன்னும் தெரியாது. எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்பதும் அந்த ஒப்புதல் கடிதத்தில் இருக்கும். பழைய ஆண்டின் கடிதத்தைக் காட்டினால், “இந்த ஆண்டுக்கானது எங்கே?” என்று கேளுங்கள்.

சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சில், பி.எட்.டுக்கு என்.சி.டி.இ., பார்மசிக்குப் பார்மசி கவுன்சில், நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில், கட்டடக் கலைக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில் என்று தொழில் சார்ந்த படிப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு உண்டு. இவற்றில் அனுமதி இல்லையென்றால் வெறும் மரியாதைக் குறைவு மட்டுமல்ல, தொழிலே செய்ய முடியாது. பார்மசி கவுன்சில் ஒப்புதல் இல்லாத இடத்தில் டி.பார்ம். படித்தவர் பார்மசிஸ்ட் என்று பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்க முடியாது. சட்டமும் அப்படித்தான், பார் கவுன்சில் ஏற்காத இடத்தில் படித்தவர் வழக்கறிஞராகப் பதிய முடியாது.

நமது அலுவலகத்துக்கு ஒரு பெண்பிள்ளை தாயாருடன் வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இரண்டு ஆண்டு ‘நர்சிங்’ படித்திருந்தாள். சீருடை, தொப்பி, அடையாள அட்டை, ஆஸ்பத்திரியில் பயிற்சி எல்லாம் இருந்தன. நன்றாகவும் படித்திருந்தாள். ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குப் போனபோது, “தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் பதிவு எண் என்ன?” என்று கேட்டார்கள். அவளிடம் எண் இல்லை. அவள் படித்த படிப்பை வைத்து அந்த எண்ணை வாங்கவும் முடியாது. தாயார் அடகு வைத்த நகை இன்னும் அடகில்தான் இருந்தது. “சான்றிதழில் அசோகச் சக்கரம் போட்டிருக்கே பாய், அது பொய்யா?” என்று அந்தத் தாய் கேட்டார். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளை பிறகு முறையான நர்சிங் பள்ளியில் முதலாண்டிலிருந்து தொடங்கினாள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது படிப்பு முடியப் போகிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டு போனது போனதுதான்.

இனி மூன்றாவது கேள்வி. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘அக்ரெடிடேஷன்’ என்கிறார்கள். தமிழில் தரச்சான்று என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் இதைத் தருகிற முக்கியமான அமைப்புகள் இரண்டு: நாக், என்.பி.ஏ. இரண்டும் ஒன்றல்ல.

நாக் 1994-இல் யு.ஜி.சி. தொடங்கிய அமைப்பு, தலைமையகம் பெங்களூரு. அது கல்லூரியை முழுமையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறது. முதலில் கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஒரு சுய ஆய்வு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். பாடத்திட்டம், கற்பித்தலும் தேர்வும், ஆராய்ச்சி, கட்டடமும் நூலகமும், மாணவர்களுக்கான உதவிகள், நிர்வாகம், நிறுவனத்தின் மதிப்பீடுகள் என்று ஏழு தலைப்புகளில் அது இருக்கும். ஆசிரியர் எத்தனை பேர், பிஎச்.டி. முடித்தவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை என்ற எண்ணிக்கைகள் எல்லாம் வரும். 2017-இல் முறை மாற்றப்பட்ட பிறகு மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்தப் புள்ளிவிவரங்களுக்குத்தான். ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள். மாணவர்களுக்கே நேராகக் கேள்வித்தாள் அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். பிறகு வெளி மாநிலப் பேராசிரியர்கள் அடங்கிய குழு வந்து பார்ப்பது வழக்கமாக இருந்தது. கல்லூரிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிற காலம் அதுதான். கல்லூரியில் படித்த அண்ணன் அக்காமார்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

முடிவில் நான்குக்கு இத்தனை என்று ஒரு மதிப்பு வரும். 3.51-உம் அதற்கு மேலும் என்றால் ஏ++. 3.26 முதல் 3.50 வரை ஏ+. 3.01 முதல் 3.25 வரை ஏ. பிறகு பி++, பி+, பி, சி என்று இறங்கும். 1.50-உம் அதற்குக் கீழும் என்றால் சான்றே கிடையாது. சாதாரணமாக இந்தச் சான்று ஐந்து ஆண்டுகளுக்குத்தான். தொடர்ந்து உயர்தரம் பெற்றுவரும் நிறுவனங்களுக்கு மட்டும் ஏழு ஆண்டு.

நோட்டீஸில் ‘நாக் ஏ கிரேடு’ என்று இருக்கும். எந்த ஆண்டு வரை என்று இருக்காது. காலாவதியான தரத்தை வாசல் வளைவில் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. மருந்து வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறோம் அல்லவா? அதைப் போல நாக் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேதியைப் பாருங்கள். இன்னொன்றும் செய்யலாம். அந்தச் சுய ஆய்வு அறிக்கையைக் கல்லூரி தனது இணையதளத்தில் போட்டிருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள்தான். முழுவதும் படிக்க வேண்டாம். மாணவர் சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வேலைவாய்ப்பு, இந்த மூன்று அட்டவணைகளை மட்டும் பாருங்கள். ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று நோட்டீஸில் சொல்லும் கல்லூரி, நாக்குக்கு எழுதிக் கொடுத்த எண்ணிக்கை எவ்வளவு என்று ஒப்பிட்டால் விஷயம் விளங்கிவிடும். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் யாராவது இதைச் செய்து பார்த்துவிட்டு வந்து சொன்னால் எங்களுக்கும் மகிழ்ச்சி.

நாக் தரம் இல்லாவிட்டால் பட்டம் செல்லாதா? செல்லும். முறையாக இணைப்புப் பெற்ற கல்லூரியில் படித்துப் பல்கலைக்கழகம் பட்டம் தந்துவிட்டால் அது பட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி. கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டத்தை; கல்லூரியின் நாக் தரத்தை அல்ல. புதிய கல்லூரிகள் நாக்குக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆறு ஆண்டு நடந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு அணி மாணவர்கள் படித்து வெளியேறியிருக்க வேண்டும். மகளை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு மகளிர் கல்லூரியில் சேர்க்க விரும்பும் பெற்றோர், அதற்கு இன்னும் தரம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. கடன் வாங்கி ஏ++ கல்லூரியில் சேர்ப்பதைவிட அது நல்லது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

தரச்சான்று தருகிறவர்கள் எல்லாம் குற்றமற்றவர்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் நம் தமிழ்நாட்டில் அறப்போர் இயக்கம் ஒரு விவரத்தை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள 200-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள் பத்துக் கல்லூரிக்கும் மேல்! இணைப்பு வாங்குவதற்கான ஆய்விலேயே இப்படி நடந்திருக்கிறது. ஆகவே காகிதத்தைப் பார்த்த பிறகு கல்லூரிக்கும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். சேர்க்கை அறையில் உட்காராமல் இரண்டாமாண்டு மாணவர்கள் நிற்கும் டீக்கடைக்குப் போங்கள். “போன செமஸ்டரில் உங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இந்த செமஸ்டரிலும் இருக்கிறார்களா?” என்று கேளுங்கள்.

நாக் முறையிலும் மாற்றம் வருகிறது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, ஏ, பி என்ற எழுத்துகளுக்குப் பதிலாகச் ‘சான்று உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்வது, அதற்கு மேல் ஐந்து நிலைகள் வைப்பது என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அதனால் இனி வரும் நோட்டீஸ்களில் எழுத்துத் தரமும் புது முறையும் கலந்து வரலாம். குழப்பம் வேண்டாம், சான்றும் தேதியும்தான் முக்கியம்.

பத்திரிகைகளில் வரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வேறு சங்கதி. அது 2016 முதல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் வரிசைப் பட்டியல், சான்று அல்ல.

இப்போது என்.பி.ஏ. இது கல்லூரிக்குச் சான்று தருவதில்லை, படிப்புக்குத் தருகிறது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. கம்ப்யூட்டர் சயின்சுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இருக்காது. மூன்று ஆண்டு அல்லது ஆறு ஆண்டுக்குத் தருவார்கள். நோட்டீஸில் மட்டும் ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கல்லூரி’ என்று பொதுவாகப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு கல்லூரியே கிடையாது.

இது ஏன் நமக்கு முக்கியம்? இந்த அரங்கில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு எத்தனை இருக்கும்? 2018-இன் தொடக்கத்தில் குவைத்தில் நடந்ததை உங்களில் சிலர் அனுபவித்தே இருப்பீர்கள். பொறியாளர் என்ற பெயரில் வேலை செய்பவர்கள் இகாமா புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்கி வர வேண்டும் என்று அந்நாட்டு மனிதவள ஆணையம் உத்தரவு போட்டது. இந்தியப் பட்டங்களைப் பொறுத்தவரை அந்தச் சங்கம் கையில் எடுத்துக்கொண்டது என்.பி.ஏ. பட்டியலை. பட்டியலில் உங்கள் கல்லூரியும் படிப்பும் இல்லையென்றால் சான்று இல்லை.

யோசித்துப் பாருங்கள். பத்து, பதினைந்து ஆண்டு அங்கே வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பட்டம் உண்மையானது, பல்கலைக்கழகம் உண்மையானது, ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலும் இருந்தது. நாம் சொன்ன முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவர்களிடம் சரியான பதில் இருந்தது. மூன்றாவதைத்தான் குவைத் கேட்டது. அவர்கள் படித்த காலத்தில் என்.பி.ஏ. என்பது கல்லூரிகள் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் சான்று, கட்டாயம் இல்லை. நாடே மதிக்கும் சில நிறுவனங்கள்கூட அதற்கு விண்ணப்பிக்காமல் இருந்தன. அங்கே படித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். விவகாரம் நம் வெளியுறவு அமைச்சகம் வரை போனது. பலர் வேறு வழியின்றி இகாமாவில் ‘பொறியாளர்’ என்பதை எடுத்துவிட்டு ‘சூப்பர்வைசர்’ போன்ற வேறு தொழிற்பெயருக்கு மாறினார்கள். படித்தது இன்ஜினியரிங், செய்கிற வேலையும் இன்ஜினியரிங், அட்டையில் மட்டும் வேறு பெயர்.

அந்தப் பொறியாளர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. ஒரு நாடு நாளைக்கு எதைக் கேட்கும் என்று பதினேழு வயதில் யாருக்குத் தெரியும்? ஆனால் நமக்கு இப்போது தெரிந்துவிட்டது. வெளிநாட்டு எண்ணத்தோடு பொறியியல் சேருகிற பிள்ளைகள், தாங்கள் எடுக்கும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று பார்க்காமல் சேரக் கூடாது. கூடவே ஒரு நுணுக்கம். 2014 ஜூனில் இந்தியா ‘வாஷிங்டன் உடன்படிக்கை’யில் நிரந்தர உறுப்பினர் ஆனது. பொறியியல் பட்டங்களை ஒருவருக்கொருவர் மதிப்பதற்காக அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, மலேசியா போன்ற நாடுகளின் அமைப்புகள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. என்.பி.ஏ. தனது சான்றை ‘டயர் 1’, ‘டயர் 2’ என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முதலாவது. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கு இரண்டாவது. வாஷிங்டன் உடன்படிக்கை முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று நோட்டீஸில் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தப் பிரிவுக்கு, எந்த டயர், எதுவரை?

தொலைதூரக் கல்வி பற்றியும் சொல்லிவிடுகிறோம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு, யு.ஜி.சி. அனுமதித்த தொலைதூரப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம்தான். ஆனால் பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி போன்றவற்றைத் தொலைதூரத்தில் படிக்க அனுமதியே இல்லை. 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை நினைவில் வையுங்கள். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைதூர முறையில் பொறியியல் பட்டம் கொடுத்து வந்தன. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பது. 2001 முதல் 2005 வரையிலான சேர்க்கையில் படித்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால் மீளும் என்றார்கள். அதற்குப் பிந்தைய சேர்க்கையில் படித்தவர்களின் பட்டங்கள் அடியோடு ரத்து. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. டிப்ளமா முடித்து வேலையில் இருந்துகொண்டு, பதவி உயர்வுக்காக இரவில் படித்த நடுத்தர வயதுக்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். பல்கலைக்கழகம் இருந்தது, வகுப்பு நடந்தது, தேர்வும் நடந்தது. அந்தப் படிப்பை அந்த முறையில் நடத்தும் அனுமதி மட்டும் இல்லை. ஆகவே தொலைதூரத்தில் சேருகிறவர்கள், தாங்கள் சேரும் படிப்பு அந்த ஆண்டுக்கான யு.ஜி.சி. தொலைதூரக் கல்விப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எங்கள் சென்டரில் பணம் கட்டினால் போதும், வகுப்பு வேண்டாம், பரீட்சையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

“நம்ம சமுதாயக் கல்லூரிதானே, சிறுபான்மை நிறுவனம், இதெல்லாம் அதற்குத் தேவையா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். தேவைதான். அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை நமக்குத் தருகிறது. தரத்திலிருந்து விலக்குத் தரவில்லை. 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகம்மது, சென்னை நியூ காலேஜ் எல்லாம் இந்த மதிப்பீடுகளுக்கு உட்பட்டே நடந்து வருகின்றன. நமது கல்லூரி என்ற பாசம் இருக்கட்டும். அதையும் மற்றவற்றைப் போலவே பார்த்துச் சேருங்கள்.

கடைசியாக, இந்த ஆண்டு முதல் நமது உதவித்தொகை விண்ணப்பத்தில் செய்திருக்கும் மாற்றம். விண்ணப்பத்தோடு மூன்று பிரதிகள் இணைக்க வேண்டும். கல்லூரி இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் பட்டியலில் அதன் பெயர் உள்ள பக்கம் ஒன்று. உங்கள் படிப்புக்கு அனுமதி தேவையென்றால் இந்த ஆண்டுக்கான அந்த அனுமதி இன்னொன்று. நாக் அல்லது என்.பி.ஏ. இருந்தால் தேதியோடு அந்தப் பக்கம். மூன்றாவது இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதினால் போதும், அதனால் உதவி நிற்காது. முதல் இரண்டும் இல்லாமல் உதவி கிடைக்காது. கடுமை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நமக்கு வருகிற பணத்தில் பெரும்பகுதி மற்றவர்களின் ஜகாத். அது நம் கையில் உள்ள அமானிதம். பெயருக்கு மட்டும் கல்லூரியாக இருக்கும் ஓரிடத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொட்ட எங்களுக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள் மறைக்காமல் வந்து சொல்லுங்கள். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது, வேறு கல்லூரிக்கு மாறுவது, இவற்றில் எது முடியும் என்று உங்களோடு சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

கையில் கல்லூரி நோட்டீஸோ அட்மிஷன் ரசீதோ வைத்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள். இடது பக்க மேசையில் நமது கல்விக் குழுவின் தம்பிகள் இரண்டு பேர் மடிக்கணினியோடு இருக்கிறார்கள். பெண்களுக்குப் பின் அறையில் தனி மேசை போட்டிருக்கிறோம். உங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னால் இப்போதே தேடிப் பார்த்துச் சொல்வார்கள். அஸருக்குப் பாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.